பதில் எழுதாத கடிதம்: பழைய பள்ளிக்குத் திரும்புமுன் ஒரு வாசகிக்கு

கனடாவில் இருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யாரென்று தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவர் திருகோணமலை நகரில் பிறந்து, அங்கே ஒரு பெண்கள் பாடசாலையில் படித்தவர். உயர்தரத்தில் முதலாம் வருடம் இருந்தபோது, 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியது. சில கிழமைகளில் குடும்பம் ஒரு வான் வண்டியில் ஏறிக் கொழும்புக்குப் போனது. பக்கத்து வாங்கில் இருந்து படித்த நெருங்கிய தோழியிடம்கூடச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. கொழும்பில் லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தபோது, உறவினர் ஒருவரிடம் முகவரி வாங்கி அந்தத் தோழி கடிதம் போட்டிருந்தார். அண்ணாவைச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், உன் அப்பாவுக்குக் கொழும்பில் ஆட்களைத் தெரியும்தானே, விசாரிக்கச் சொல்வாயா என்று கேட்டிருந்தார். வாசகியின் அப்பா, இதற்குப் பதில் எழுதி எங்களையும் மாட்டிவிடாதே என்று சொல்லிவிட்டார். வாசகியும் எழுதவில்லை. அடுத்த வருடம் குடும்பம் கனடா போய்ச் சேர்ந்தது. தோழியின் அண்ணா இன்றுவரை வீடு திரும்பவில்லை.

இப்போது வகுப்புத் தோழிகள் வாட்ஸ்அப் குழு ஒன்றில் இவரைக் கண்டுபிடித்துச் சேர்த்திருக்கிறார்கள். ஆகஸ்ட் விடுமுறையில் பாடசாலையிலேயே ஒன்றுகூடல். அந்தத் தோழி ஊரை விட்டுப் போகவில்லை, அதே பாடசாலையில் படிப்பிக்கிறார். குழுவில் இவருக்கு அவர் எழுதியது ஒரே வரி: “வா, கண்டு கனகாலம்.” அந்த வரியில் இருப்பது அன்பா கோபமா என்று வாசகிக்கு விளங்கவில்லை. பழையதைக் கிளறாதே, போகவேண்டாம் என்கிறார் கணவர். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள் அம்மா, பாரம் இறங்கும் என்கிறாள் மகள். ஏற்பாடு செய்பவர்களோ மேடையில் பேசச் சொல்லி, வகுப்பறைக்கு ஸ்மார்ட் போர்ட் வாங்கப் பணமும் கேட்கிறார்கள். “அந்த அண்ணா செத்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது. கடிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதை எரித்துவிட்டுப் போனால் மனம் லேசாகுமா?” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது ஒன்றுகூடலுக்குப் போகலாமா என்று. ஆனால் உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி ஒரே ஒருவரைப் பற்றியது. அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் முன்னால் இரண்டு சந்திப்புகள் இருக்கின்றன. ஒன்று வகுப்போடு, மற்றது தோழியோடு. இரண்டையும் ஒரே நாளில் ஒரே மண்டபத்தில் முடித்துவிடப் பார்ப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. தோழியை முதலில் தனியாகச் சந்தியுங்கள். அது நடந்தால் ஒன்றுகூடல் தானாகவே இலகுவாகிவிடும். நடக்காவிட்டால், ஒன்றுகூடலுக்குப் போவதா விடுவதா என்பதை அப்போது யோசிக்கலாம்.

உங்களுடைய பங்கு எது?

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்க் கிடக்கின்றன. ஒன்று, அண்ணா திரும்பி வராதது. மற்றது, நீங்கள் பதில் எழுதாதது. இத்தனை வருடமாக இரண்டையும் ஒரே குற்றமாகச் சுமந்திருக்கிறீர்கள். அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும்.

அண்ணாவைக் கொண்டுபோனவர்கள் வேறு ஆட்கள். அதற்கான பொறுப்பு முழுவதும் அவர்களுடையது. உங்கள் அப்பா விசாரித்திருந்தால் அவர் வந்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்படி அப்போது ஒருவரைக் குற்றச்சாட்டே இல்லாமல் 18 மாதங்கள் வரை தடுத்து வைக்க முடிந்தது. அதற்கு மேல் அவசரகால விதிகள் வேறு. வடக்கு கிழக்கில் இருந்து வந்து லொட்ஜில் தங்கியிருந்த ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு, பொலிஸ் பதிவும் இரவுச் சோதனையும் என்ன பயத்தைக் கொடுத்திருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். வீட்டில் வயதுக்கு வந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பிடிபட்ட ஒரு பெடியனைப் பற்றி விசாரிக்கப் போவதென்றால் உங்கள் அப்பா எதை எண்ணிப் பயந்திருப்பார்? அவர் செய்தது சரியென்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த முடிவை எடுத்தவர் அவர். உங்களுக்கு அப்போது 17 வயது. நடந்து முடிந்த பிறகு, முடிவு என்னவென்று தெரிந்துகொண்டு திரும்பிப் பார்க்கும்போது, இதெல்லாம் அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும் என்று மனம் சொல்லும். அது எல்லாருடைய மனமும் செய்கிற பிழை.

சரி, அப்படியானால் உங்களிடம் குற்றமே இல்லையா? அப்படிச் சொல்லி உங்களை அனுப்பிவைத்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள். பதில் எழுதாதது உங்களுடையது. அப்பா தடுத்தது 1990இல். கனடா போய்ச் சேர்ந்த பிறகு, நீங்கள் வேலைக்குப் போய், கலியாணம் முடித்து, பிள்ளை பெற்ற பிறகு எழுதியிருக்கலாம். வெட்கத்தில் எழுதவில்லை. வருடம் கூடக்கூட வெட்கமும் கூடியது. இதை நீங்களே உங்கள் கடிதத்தில் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் மௌனத்தால் அண்ணா பிடிபடவில்லை. ஆனால் மிக மோசமான ஒரு காலத்தில் தோழி தனித்துவிடப்பட்டதாக உணர்ந்திருப்பார். மன்னிப்புக் கேட்பதென்றால் அதற்கு மட்டும் கேளுங்கள். அண்ணாவின் கதிக்கும் சேர்த்துக் கேட்டீர்களென்றால், இல்லையடி, அது உன்னாலில்லை என்று அவர் உங்களைத் தேற்றவேண்டி வரும். அண்ணாவை இழந்தவரிடம் போய் நீங்கள் ஆறுதல் வாங்கிக்கொண்டு வருவதாக அது முடிந்துவிடும்.

இன்னொன்று. ‘செத்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் வீட்டில் அப்படிப் பேசுகிறார்களா என்பது உங்களுக்குத் தெரியாது. திருகோணமலைச் சைவக் குடும்பங்கள் இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியைக்குக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகிற வழக்கம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காணாமல் ஆக்கப்பட்டவருக்கு அது கிடையாது. எந்த நாளைத் திதி என்று வைப்பது? திதி கொடுத்தால் பிள்ளையைத் தாங்களே சாகக்கொடுத்தது மாதிரி என்று நினைக்கும் தாய்மாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கொடுக்காமல் விட்டால், ஆத்மாவைப் பட்டினி போடுகிறோமோ என்று இன்னொரு பக்கம் அரிக்கும். இந்த மாதிரி முடிவில்லாமல் நீளும் துயரத்தைப் பவுலின் பாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் தனியாக ஆராய்ந்து, அதற்குத் ‘தெளிவற்ற இழப்பு’ என்ற பொருளில் பெயர் வைத்தார். மரணத்துக்கு அழுகிற மாதிரி இதற்கு அழுது தீர்க்க முடியாது. அதனால் அண்ணாவைப் பற்றி நீங்களாக எந்த முடிவையும் சொல்லாதீர்கள். தோழி, அண்ணா ‘இருக்கிறார்’ என்று பேசினால் நீங்களும் அப்படியே பேசுங்கள். அவர் அந்தப் பேச்சையே எடுக்காவிட்டால் நீங்களும் எடுக்கவேண்டாம்.

மேடை வேண்டாம்

உங்கள் மகள் நல்ல மனதோடுதான் சொல்கிறாள். ஆனால் இந்த விஷயத்தில் நான் அவளோடு ஒத்துப்போகவில்லை. எல்லார் முன்னாலும் நீங்கள் மன்னிப்புக் கேட்டால், அந்த இடத்தில் தோழிக்கு ஒரே ஒரு வழிதான் மிஞ்சும்: எழுந்துவந்து உங்களைக் கட்டிப்பிடிப்பது. சபை முழுக்கக் கைதட்டும், நாலு போன் படம் எடுக்கும், அன்று பின்னேரமே அது பேஸ்புக்கில் ஏறிவிடும். அவருக்குக் கோபம் இருந்தால் அதைக் காட்ட இடமே இருக்காது. அதோடு, அவர் அங்கே ஓர் ஆசிரியை. தன் வீட்டுத் துயரத்தைப் பாடசாலைக்குள் எவ்வளவு கொண்டுவருவது என்பதை இத்தனை வருடமாக அவர்தான் தீர்மானித்து வந்திருக்கிறார். அந்த உரிமையை அவரிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்.

அவருக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள். குழுவில் போடவேண்டாம், வேறொரு தோழி மூலமும் சொல்லிவிட வேண்டாம். நீளமாகவும் எழுதாதீர்கள். நீங்கள் இருவரும் பேசிய பேச்சிலேயே, இந்த மாதிரி எழுதலாம்:

“90இல நீ போட்ட கடிதம் எனக்குக் கிடைச்சது. நான் பதில் எழுதேல்ல. அது என்ர பிழை. இவ்வளவு வருசமா அதை மறக்கவும் இல்லை. ஆகஸ்ட்ல வரலாமெண்டு இருக்கிறன். ஒன்றுகூடலுக்கு முதல் உன்னைத் தனியாப் பார்க்க விருப்பம். உனக்கு விருப்பமில்லையெண்டால் அதுவும் எனக்கு விளங்கும். கடிதம் இன்னும் என்னட்டப் பத்திரமா இருக்கு.”

அப்பா தடுத்ததை இதில் சேர்க்கவேண்டாம். தோழி ஏன் என்று கேட்டால் நேரில் சொல்லலாம். முதல் செய்தியிலேயே காரணத்தைச் சொன்னால் நியாயப்படுத்துவது போல ஆகிவிடும். அப்புறம், பதிலுக்காக அவசரப்படுத்தாதீர்கள். இரண்டு நீலக் கோடு விழுந்தும் பதில் வரவில்லை என்றால், அவர் யோசிக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தை எரிக்காதீர்கள்

உங்கள் கேள்விகளில் இதற்குத்தான் என்னால் தயக்கமே இல்லாமல் பதில் சொல்ல முடிகிறது. எரிக்கக்கூடாது. உங்களுக்கு அது குற்றவுணர்வின் சின்னம். அந்தக் குடும்பத்துக்கு அது ஓர் ஆவணமாக இருக்கலாம். சம்பவம் நடந்து சில கிழமைக்குள், நேரில் கண்டவர் தன் கையால், எந்த நாள், எந்த இடம், யார் வந்தார்கள், எந்தப் பக்கம் கொண்டுபோனார்கள் என்று எழுதியது. உறையும் இருந்தால் அதில் தபால் முத்திரை இருக்கும். இடப்பெயர்வு, 2004 சுனாமி என்று அடுத்தடுத்து வந்ததில் எத்தனையோ வீடுகளில் இப்படியான கடதாசிகள் எல்லாம் போய்விட்டன.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் இதுவரை எத்தனை இடங்களில் முறைப்பாடு கொடுத்திருக்கின்றன என்பது வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சில வேளை தெரிவதில்லை. பொலிஸ், செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு, 1994இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழு, 2013இல் இன்னோர் ஆணைக்குழு, அதன்பிறகு 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான காணாமற்போனோர் அலுவலகம். ஒவ்வோர் இடத்திலும் அதே கதையை முதலில் இருந்து சொல்லவேண்டும். 2017இல் இருந்து உறவுகள் வீதியோரத்தில் படங்களோடு இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், திருகோணமலையிலும்தான். தோழி எந்தக் கதவுகளைத் தட்டினார், இனியும் தட்ட விரும்புகிறாரா, அல்லது களைத்துப்போய் விட்டுவிட்டாரா என்பது நமக்குத் தெரியாது. அதனால் நீங்களாகவே இதை அலுவலகத்தில் கொடு, வழக்குப் போடு என்று ஆலோசனை சொல்லப் போகவேண்டாம். உங்களுடைய வேலை, கடிதம் இருக்கிறது என்று தெரியப்படுத்துவதும், அவர் கேட்டால் ஒப்படைப்பதும்தான். பயணத்தில் தொலைந்துபோகலாம், ஆகவே இரண்டு பக்கத்தையும் உறையோடு சேர்த்து ஸ்கேன் எடுத்து வைத்துவிட்டு, மூலத்தைக் கைப்பையில் கொண்டுவாருங்கள். ஸ்கேனை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். அதில் இருக்கும் பெயர்களில் இன்றும் ஊரில் இருப்பவர்களுடையவையும் இருக்கலாம். அவர் கேட்காமல் அதை எடுத்து மேசையில் வைக்கவும் வேண்டாம். 17 வயதில் தான் எழுதியதை அந்த இடத்திலேயே வாசிக்க அவர் ஆயத்தமாக இல்லாமல் இருக்கலாம்.

ஊர், பள்ளி, பட்ச்

இதில் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. எல்லாரும் என்னையே பார்ப்பார்கள், ஓடிப்போனவள் என்று நினைப்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பட்ச்சில் எத்தனை பேர் ஊரிலேயே இருந்தார்கள்? பெரும்பாலானோர் ஏதோ ஒரு காலத்தில் எங்கேயோ போனவர்கள்தான். வருகிற ஒவ்வொருவரும் தங்கள் பயத்தோடுதான் வருவார்கள். ஒருவருக்குக் கணவர் இல்லாதது, ஒருவருக்கு மகள் கலியாணம் சரிவராதது, ஒருவருக்குப் படிப்பு அப்படியே நின்றுபோனது. நம்மைப் பற்றி மற்றவர்கள் யோசிப்பதாக நாம் நினைக்கிற அளவில் கால்பங்குகூட அவர்கள் யோசிப்பதில்லை.

ஆனால் போனவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் இடையில் ஒரு தூரம் இருப்பது உண்மை. உங்கள் நினைவில் ஊர் 1990இல் நின்றுவிட்டது. அவர்களுக்கு அதன்பிறகும் 19 வருடம் போர் இருந்தது, நடுவில் கடலும் வந்தது. பதின்மூன்று பதினான்கு வயதில் இருந்து இருபதுகள் வரை நடந்தவை மற்றக் காலத்தை விட மனதில் பளிச்சென்று தங்குவது எல்லாருக்கும் உள்ளதுதான். அதனால் உங்களுக்கு அந்த வகுப்பறை நேற்றுப் போல இருக்கும். அங்கேயே இருந்தவர்களுக்கு அதன் மேல் வேறு எத்தனையோ படிந்துவிட்டது. பழைய கதையை நீங்களே சொல்லிக்கொண்டிருக்காமல், இடையில் என்ன நடந்தது என்று கேளுங்கள். கட்டடமும் மாறியிருக்கும். உங்கள் வகுப்பு இருந்த இடத்தில் மாடிக் கட்டடம் நிற்கக்கூடும். ஒன்றுகூடல் நாளில்தான் அதை முதன்முதலாகப் பார்க்கவேண்டும் என்றில்லை. பழைய மாணவர் சங்கம் மூலம் அதிபரிடம் அனுமதி கேட்டு, முதல் நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அனுமதி இல்லாமல் வாசலில் போய் நின்றால் காவலாளி திருப்பி அனுப்பினாலும் அது அவருடைய கடமை. பிள்ளைகள் யாரும் நின்றால் அவர்களைப் படம் எடுக்கவேண்டாம்.

மேடைப் பேச்சை மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. வருகிறேன், பேசமாட்டேன் என்று சொன்னால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. பணத்தைப் பொறுத்தவரை, குற்றவுணர்வு தொகையைத் தீர்மானிக்க விடாதீர்கள். உங்கள் வீட்டு நிலைமைக்கு எவ்வளவு முடியும் என்று கணவரோடு பேசி, புறப்பட முன்னரே முடிவெடுத்துவிடுங்கள். கொடுப்பதானால் தனியாளின் கணக்குக்குப் போடாமல், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கோ பழைய மாணவர் சங்கத்துக்கோ கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். ஸ்மார்ட் போர்ட்தான் தேவையா, வேறேதும் அவசரமா என்று பாடசாலையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். எவ்வளவு கொடுத்தாலும் அதற்கும் தோழிக்கும் சம்பந்தம் இல்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களைப் பற்றியும் கொஞ்சம்

குழுவில் சேர்ந்ததில் இருந்து நித்திரை குறைந்துவிட்டது, ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கிறது என்று ஓரிடத்தில் எழுதி, அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. புறப்பட முன்னர் உங்கள் குடும்ப வைத்தியரிடம் சொல்லி, போர் அனுபவம் உள்ளவர்களோடு வேலை செய்யும் ஓர் உளவளத்துணையாளரைச் சில தடவையாவது பாருங்கள். ரொறன்ரோ போன்ற இடங்களில் தமிழ் பேசுபவர்களும் கிடைப்பார்கள். நித்திரை இன்னும் மோசமாகி, அந்த நாட்கள் திரும்ப நடப்பது போல அடிக்கடி தோன்றத் தொடங்கினால், இந்த ஆகஸ்டைத் தள்ளிப்போடுவதில் ஒரு வெட்கமும் இல்லை. தோழியோடு போனில்கூடப் பேசலாம்.

வருவதானால், இறங்கிய அன்றே மண்டபத்துக்குப் போகாதீர்கள். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு கொழும்பில் இருந்து இன்னும் ஆறேழு மணித்தியாலம் ஓடிவந்த உடம்பு, எந்த உணர்ச்சியையும் இரண்டு மடங்காகக் காட்டும். இரண்டு மூன்று நாள் முந்தி வந்து, கச்சான் காற்றும் வெயிலும் உடம்புக்குப் பழகட்டும். டவுனுக்குள் மான்கள் திரிவதைப் பாருங்கள், கடற்கரையில் நடங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி பிரட்றிக் கோட்டைக்கு உள்ளால்தான், உள்ளே இராணுவம் இன்னும் இருக்கிறது. சீருடையைக் கண்டதும் கை நடுங்கினால் ஆச்சரியப்படவேண்டாம், கூட யாராவது வந்தால் நல்லது. ஊரில் இருக்கும்போது மனம் தாங்கமுடியாமல் போனால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். மாவட்டப் பொது வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு இருக்கிறது.

உங்கள் கணவரை எதிரியாகப் பார்க்காதீர்கள். கடிதத்தைப் பற்றி அவருக்கு இதுவரை சொல்லவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வேண்டாம் என்று சொல்வது ஒன்றுகூடலைத்தான், இந்தக் கதையே அவருக்குத் தெரியாது. முதலில் அவரிடம் அந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் போகவேண்டாம் என்று சொல்கிறாரா என்று பாருங்கள்.

தோழி மறுத்தாலோ, பதிலே வராவிட்டாலோ என்ன செய்வது? அவர் மறுப்பதற்கும் உரிமை உள்ளவர். அப்படியானால் ஒன்றுகூடலில் அவரைக் கண்டால் வணக்கம் சொல்லுங்கள், அவர் பேசுகிற அளவுக்கு மட்டும் பேசுங்கள், ஓரமாகக் கூப்பிட்டுப் பேச முயலாதீர்கள். கடிதம் வேண்டுமென்றால் எப்போதும் தருவேன் என்று ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் அந்த மண்டபத்தில் இருக்கும்போது உங்களால் சிரித்துப் பேசிக்கொண்டு இருக்க முடியாது என்று தோன்றினால், இம்முறை ஒன்றுகூடலை விட்டுவிட்டு, மற்றத் தோழிகளை வீட்டில் போய்ப் பாருங்கள். இதெல்லாம் தெரிந்த பிறகு டிக்கெட் போட்டால் போதும். செய்தியை இந்தக் கிழமையே அனுப்பிவிடுங்கள்.